மாநிலத்துக்குள் விற்ற துப்பாக்கியை வாங்குபவரிடம் எப்படிச் சேர்ப்பது? டெக்சாஸில் உள்ள வழிகள், ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் வணிக உரிமம் இல்லாத ஒருவர் தம்முடைய துப்பாக்கியை அதே மாநிலத்தில் வசிக்கும் இன்னொருவருக்கு விற்பது பல மாநிலங்களில் சட்டப்படி செல்லும். விற்ற பொருள் எப்படிக் கைமாற வேண்டும் என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. மாநில எல்லையைத் தாண்டாததால் பெட்டியில் வைத்து அனுப்பிவிடலாம் என்று சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள். துப்பாக்கியைத் தனியாள் அனுப்பவே கூடாது, கடை வழியாகத்தான் போக வேண்டும் என்று வேறு சிலர் அதே உறுதியோடு சொல்கிறார்கள். எந்த மாநிலம், எந்த வகைத் துப்பாக்கி, யார் மூலம் அனுப்புகிறோம் என்ற மூன்றையும் தெரிந்துகொள்ளாமல் இவர்களில் யார் சொல்வது சரி என்று முடிவு செய்ய முடியாது.

இங்கே டெக்சாஸ் மாநிலத்தை எடுத்துக்கொள்கிறேன். தனியாரிடையே நடக்கும் விற்பனைக்குப் பின்னணிச் சரிபார்ப்பு (வாங்குபவர் துப்பாக்கி வைத்திருக்கத் தடை செய்யப்பட்டவரா என்று அரசுப் பதிவுகளில் பார்ப்பது) வேண்டும் என்று அம்மாநிலச் சட்டம் கேட்பதில்லை. ஆகவே விற்பவருக்கு அங்கே தெரிவுகள் அதிகம், பொறுப்பும் அதிகம். அதோடு, ஹூஸ்டனிலிருந்து எல் பாசோவுக்குச் சாலை வழியே ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் போக வேண்டும் என்பதால், 'நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிடு' என்ற அறிவுரை அங்கே எல்லோருக்கும் எளிதில் பொருந்துவதில்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் மாறாத சில விதிகள் கூட்டாட்சிச் சட்டத்தில் உள்ளன. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமம் இல்லாத ஒருவர், வேறு மாநிலத்தில் வசிப்பவர் என்று தாம் அறிந்த அல்லது அவ்வாறு நம்ப நியாயமான காரணம் உள்ள, உரிமம் இல்லாத இன்னொருவருக்குத் துப்பாக்கியை விற்கவோ கொடுக்கவோ கூடாது; மீறினால் 5 ஆண்டுகள் வரை சிறை. உயில் வழியாகவோ வாரிசுரிமையாகவோ வரும் துப்பாக்கிக்கு இதில் விலக்கு உண்டு, விற்பனைக்கு இல்லை. துப்பாக்கி வைத்திருக்கத் தடை செய்யப்பட்டவர் என்று தெரிந்தோ, அப்படிக் கருத நியாயமான காரணம் இருந்தோ ஒருவருக்கு விற்பது அதைவிடப் பெரிய குற்றம்; 2022ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு அதற்கான தண்டனை 15 ஆண்டுகள் வரை போகக்கூடும். 18 வயது நிரம்பாதவருக்குத் தனியார் கைத்துப்பாக்கி விற்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 46.06ஆம் பிரிவு, அந்த வயதினருக்கு எந்தத் துப்பாக்கியை விற்பதையும் குற்றமாக்கி, பெற்றோரின் எழுத்துமூலமான அனுமதி இருந்தால் அதை எதிர்வாதமாக ஏற்கிறது.

தடை செய்யப்பட்டவர்களின் பட்டியல் என்றவுடன் ஓராண்டுக்கு மேல் தண்டனை பெறத்தக்க குற்றத்தில் தீர்ப்பு வாங்கியவர்களும் குடும்ப வன்முறை வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருவார்கள். தமிழ் வாசகர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய இன்னொரு வரி அதில் இருக்கிறது. எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்திருப்பவர்களும் அந்தப் பட்டியலில் உள்ளனர். ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் இருந்தாலும், பொதுவிதி தடைதான். கிரீன் கார்டு பெற்று நிரந்தரக் குடியிருப்பாளர் ஆனவருக்கு இந்தத் தடை கிடையாது. எனவே, டாலஸில் ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் பணிபுரியும் இரு நண்பர்களில் ஒருவர் கிரீன் கார்டும் மற்றவர் எச்-1பி விசாவும் வைத்திருந்தால், முதலாமவர் இரண்டாமவருக்குத் தம் ரைபிளை நட்பு முறையில் விற்பதுகூட இருவரையும் கடுமையான குற்றத்துக்குள் தள்ளிவிடும். விசா நிலையைக் கேட்பது நாகரிகமல்ல என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த ஒரு விற்பனையில் அந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை.

பலருக்கு முதலில் தோன்றுகிற வழி, பெட்டியை யுபிஎஸ் அல்லது ஃபெடெக்ஸ் கடையில் கொடுப்பது. கூட்டாட்சிச் சட்டத்தைப் பொறுத்தவரை இது தடை செய்யப்பட்டதல்ல. உரிமம் இல்லாதவர் தம் மாநிலவாசிக்குப் பொதிச் சேவை நிறுவனங்கள் மூலம் துப்பாக்கி அனுப்பலாம் என்றுதான் ஏடிஎஃப் எனப்படும் மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் பணியகமும் விளக்கமளித்து வந்திருக்கிறது. ஆனால் சட்டம் விட்ட இடத்தில் நிறுவனம் கதவைச் சாத்தியிருக்கிறது. இவ்விரு நிறுவனங்களும் கூட்டாட்சி உரிமம் பெற்று, தம்மோடு தனி ஒப்பந்தம் செய்துகொண்ட விற்பனையாளர்கள், உற்பத்தியாளர்கள் போன்றோரிடமிருந்து மட்டுமே துப்பாக்கிகளை ஏற்கின்றன. பழைய அறிவுரைகளைப் படித்துவிட்டுக் கைத்துப்பாக்கியோடு கவுன்ட்டருக்குப் போகிறவர்கள் இதை அங்கே போன பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

அப்போது ஒரு சபலம் எழும்: உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல், 'விளையாட்டுப் பொருள்' என்றோ 'இயந்திரப் பாகம்' என்றோ எழுதிக் கொடுத்துவிடலாம் என்பது. இதைச் செய்யவே கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தில் உரிமம் இல்லாதவருக்கு அனுப்பும் பெட்டியில் துப்பாக்கி இருப்பதைப் பொதிச் சேவைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். நம்முடையது மாநிலத்துக்குள்ளே நடக்கும் அனுப்புதல்தானே என்று வாதிடலாம். ஆனால் விரைவுச் சேவையில் போகும் பெட்டி எந்த வழியாகப் போகிறது என்பது அனுப்புபவர் கையில் இல்லை. ஃபெடெக்ஸின் பெரிய விமான மையம் டென்னசியின் மெம்பிஸிலும், யுபிஎஸ்ஸின் மையம் கென்டக்கியின் லூயிவில்லிலும் இருக்கின்றன, இரண்டுமே டெக்சாஸுக்கு வெளியே. அது ஒருபுறமிருக்க, விவரத்தை மறைத்து அனுப்பிய பெட்டி தொலைந்தால் காப்பீட்டுத் தொகையைக் கேட்க முகாந்தரம் இருக்காது. உரியவரிடம் சேராத துப்பாக்கி ஒன்று யார் கையில் இருக்கிறதென்று தெரியாத நிலையும் வந்துவிடும். இந்த வழியைத் தனியாள் மறந்துவிடலாம்.

அடுத்தது அமெரிக்க அஞ்சல் துறை. உண்மையான தெரிவு இங்கேதான் இருக்கிறது. துப்பாக்கியின் வகையைச் சரியாகப் பார்க்க வேண்டியதும் இங்கேதான். பிஸ்டல், ரிவால்வர், உடலில் மறைத்து எடுத்துச்செல்லக்கூடிய பிற துப்பாக்கிகள் ஆகியவற்றை அஞ்சலில் சேர்ப்பதை 1927ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. தெரிந்தே அனுப்பினால் 2 ஆண்டுகள் வரை சிறை என்கிறது. இந்தத் தடை அரசமைப்புக்குப் பொருந்துமா என்ற எதிர்ப்பு அண்மை ஆண்டுகளில் வலுவாக எழுந்திருக்கிறது. விதி மாறிவிட்டது என்று யாரேனும் சொன்னால், எவற்றை அஞ்சலில் அனுப்பலாம் என்று சொல்லும் அஞ்சல் துறையின் 52ஆம் எண் வெளியீட்டில் அன்றைய தேதியில் உள்ள வாசகத்தைத் தாமே படித்துப் பார்க்காமல் யாரும் கைத்துப்பாக்கியை அஞ்சலில் சேர்க்கக் கூடாது. சிறிய குழலும் தோளில் ஊன்றும் கட்டை இல்லாத அமைப்பும் கொண்ட ஏஆர் பிஸ்டல், பார்ப்பதற்கு ரைபிள்போல இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் கைத்துப்பாக்கியே என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

ரைபிளும் ஷாட்கன்னும் வேறு கணக்கு. உரிமம் இல்லாத டெக்சாஸ்வாசி, உரிமம் இல்லாத இன்னொரு டெக்சாஸ்வாசிக்கு இவற்றை அஞ்சலில் நேரடியாக அனுப்பலாம். எந்த மாநிலத்திலும் உள்ள உரிமம் பெற்ற விற்பனையாளருக்கும் அனுப்பலாம். துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. தோட்டாக்களைத் தனியாகப் பொதிந்து அதே பெட்டியில் வைப்பதும் கூடாது, ஏனெனில் தோட்டா அஞ்சலில் அனுப்பத் தகாத பொருள். எங்கே இருக்கிறது என்று பின்தொடரவும், பெறுபவரின் கையொப்பம் வாங்கவும் வசதியுள்ள சேவையில்தான் அனுப்ப வேண்டும். உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் எழுத்தோ படமோ உற்பத்தியாளரின் முத்திரையோ பெட்டியின் மேல் இருக்கக் கூடாது. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைப் பெட்டியைத் திறந்து காட்டியோ எழுதிக் கொடுத்தோ நிறுவும்படி அஞ்சல் ஊழியர் கேட்கலாம். கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவதே சரி.

பதிவு அஞ்சலில் அனுப்புவது நல்லது என்பது அஞ்சல் துறையின் நெடுநாளைய பரிந்துரை, அதில் பொருள் இருக்கிறது. பதிவு அஞ்சலில் பெட்டி ஒவ்வொரு கை மாறும்போதும் கையொப்பம் இடப்படுகிறது, பூட்டிய இடத்தில் வைக்கப்படுகிறது, 50,000 டாலர் வரை இழப்பீடும் உண்டு; சாதாரண அஞ்சல் காப்பீடு 5,000 டாலரோடு நின்றுவிடும். ஆனால் மெதுவாகப் போகும். பெட்டியின் ஓரங்களைப் பளபளப்பான பிளாஸ்டிக் டேப்பால் ஒட்டினால் பதிவு அஞ்சலுக்கு ஏற்கமாட்டார்கள். முத்திரை படியக்கூடிய காகித டேப் வேண்டும். போல்ட் வகை ரைபிளாக இருந்தால் போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உலோகத் தண்டை, கழற்றித் தனியே சுற்றி அதே பெட்டியில் வைப்பது, குழல் முனையில் தடித்த நுரைத்துண்டு செருகுவது, பூட்டக்கூடிய கடினமான உறையில் வைத்து அதற்கு மேல் அடையாளமற்ற அட்டைப் பெட்டி போடுவது ஆகியவை அனுபவமுள்ளவர்கள் தவறாமல் செய்பவை. 30 அங்குலத்துக்கு மேல் நீளமான பெட்டிக்கு அஞ்சல் துறை கூடுதல் கட்டணம் வாங்கும். ரைபிள் பெட்டி அந்த அளவைத் தாண்டாமல் இருப்பது அரிது என்பதால், விலை பேசும்போதே இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டப்படி இத்தனை தெளிவாக அனுமதி இருந்தும், முன்பின் தெரியாதவருக்கு நேரடியாக அஞ்சலில் ரைபிள் அனுப்புவதை நான் ஆதரிக்கமாட்டேன். காரணம் அஞ்சல் துறை அல்ல, விற்பவருக்குக் கிடைக்கும் தகவலின் அளவு. வாங்குபவர் டெக்சாஸ்வாசியா, வயது நிரம்பியவரா, தடை செய்யப்பட்டவரா என்ற கேள்விகளுக்கு விற்பவர் கையில் இருப்பது கைபேசியில் வந்த ஓட்டுநர் உரிமத்தின் படம் மட்டுமே. அந்தப் படம் வேறொருவருடையதாக இருக்கலாம். பெயர் குறித்தவரிடம் மட்டுமே ஒப்படைக்கும் சேவைக்குப் பணம் கட்டினாலும், அது கையொப்பமிடுபவரைச் சரிபார்க்கும், அவருடைய பின்னணியைச் சரிபார்க்காது. கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை 1998 நவம்பர் முதல் நடத்திவரும் நிக்ஸ் என்ற பின்னணிச் சரிபார்ப்பு முறையைத் தனியாள் நேரடியாக அணுகவே முடியாது. அண்ணன் தம்பிக்கு, நெடுநாள் வேட்டைத் தோழருக்கு, பக்கத்து ஊரில் இருக்கும் மாமனாருக்கு என்றால் நேரடி அஞ்சல் நல்ல வழி, செலவும் குறைவு. இணையத்தில் விளம்பரம் பார்த்து விலை பேசியவருக்கு அது சரியான வழி அல்ல.

அறிமுகமில்லாத வாங்குபவர் ஓட்டிப்போகும் தொலைவில் இருந்தால் நேரில் சந்திப்பதே எளிது. ஹூஸ்டனுக்கும் டாலஸுக்கும் இடையே ஏறக்குறைய 385 கிலோமீட்டர். இருவரும் பாதி வழி வந்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். கைத்துப்பாக்கியையும் இப்படிக் கைமாற்றலாம் என்பதால் அஞ்சல் தடை இங்கே குறுக்கே வராது. ஆளையும் அவருடைய ஓட்டுநர் உரிமத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்க முடிகிறது. டெக்சாஸில் விற்பவர்கள் பலர் இதோடு எல்டிசி எனப்படும் கைத்துப்பாக்கி ஏந்தும் உரிமத்தையும் காட்டச் சொல்கிறார்கள். 2021 செப்டம்பர் முதல் அந்த உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி ஏந்த மாநிலம் பெரும்பாலானோருக்கு அனுமதித்துவிட்டாலும், உரிமம் பெற்றவர் பின்னணிச் சோதனையைக் கடந்து வந்தவர் என்பதால் விற்பவர்களிடம் அதற்கு மதிப்புக் குறையவில்லை. சட்டம் கேட்காத ஒன்றை விற்பவர் கேட்பது அவர் உரிமை. பிடிக்காதவர் வாங்காமல் போகலாம். காவல் நிலையத்தின் வாகன நிறுத்துமிடத்தில் சந்திக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். துப்பாக்கிப் பரிமாற்றத்தை ஏற்காத நிலையங்கள் இருப்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம். துப்பாக்கிக் கடையிலோ சுடுதளத்திலோ சந்திப்பது அதைவிட நல்லது என்பேன், ஏனெனில் கடைசி நேரத்தில் ஐயம் எழுந்தால் அங்கேயே உரிமம் பெற்றவரிடம் பின்னணிச் சரிபார்ப்பைக் கேட்டுவிடலாம்.

மீதமிருப்பது உரிமம் பெற்ற விற்பனையாளர் வழி. பேச்சில் 'எஃப்எஃப்எல்' என்றால் உரிமத்தையும் குறிக்கும், அதை வைத்திருப்பவரையும் குறிக்கும். கைத்துப்பாக்கியும் தொலைவும் சேர்ந்து வரும்போது நடைமுறையில் இதுவே கைகொடுக்கும். விற்பவர் தம் ஊர் எஃப்எஃப்எல்லிடம் துப்பாக்கியை ஒப்படைக்கிறார்; அவர் வாங்குபவரின் ஊரிலுள்ள எஃப்எஃப்எல்லுக்கு அனுப்புகிறார். விற்பனையாளர்களுக்குள் வழக்கமான வணிக அனுப்புதலுக்கு அஞ்சல் தடையில் விலக்கு இருப்பதால், உரிய படிவத்தோடு அவர் கைத்துப்பாக்கியை அஞ்சலிலும் அனுப்பலாம். யுபிஎஸ் போன்றவற்றோடு ஒப்பந்தம் இருந்தால் அந்த வழியிலும் அனுப்பலாம். வாங்குபவர் தம் ஊர்க் கடைக்குப் போய், கடையில் துப்பாக்கி பெறுபவர் தம் விவரங்களை எழுதிக் கையெழுத்திட வேண்டிய ஏடிஎஃப்பின் 4473 படிவத்தை நிரப்புகிறார். கடைக்காரர் நிக்ஸில் சரிபார்க்கிறார். வாங்குபவரிடம் டெக்சாஸ் எல்டிசி இருந்தால் நிக்ஸ் அழைப்பு தேவைப்படாது, படிவம் மட்டும் நிரப்பினால் போதும். மூன்று வேலை நாட்களுக்குள் விடை வராவிட்டால் கடைக்காரர் துப்பாக்கியைக் கொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்துவதில்லை. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இந்தக் காத்திருப்பு 10 வேலை நாட்கள் வரை நீளலாம்.

இந்த வழியின் குறை செலவுதான். இரு கடைகளும் கட்டணம் வாங்கும், அனுப்பும் செலவும் சேரும். மலிவான பழைய ரிவால்வருக்கு இது விலையில் கணிசமான பங்காகிவிடும். ரைபிளாக இருந்தால் இந்தச் செலவில் பாதியை மிச்சப்படுத்த ஒரு வழி உண்டு: விற்பவர் தாமே அஞ்சலில் வாங்குபவரின் ஊர் எஃப்எஃப்எல்லுக்கு நேராக அனுப்பிவிடலாம். அனுப்பும் முனையில் கடை இல்லை, பெறும் முனையில் மட்டும் இருக்கிறது. ஆனால் சரிபார்ப்பு முழுமையாக நடக்கிறது. தெரியாதவருக்குத் தொலைதூரத்தில் ரைபிள் விற்கிறவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதையே. தனியாரிடமிருந்து நேரடியாகப் பெட்டி வாங்குவதில்லை என்று சொல்லும் கடைகளும் இருப்பதால், பணம் வாங்கும் முன்பே அந்தக் கடையைத் தொலைபேசியில் அழைத்துச் சம்மதம் பெற வேண்டும். அந்தக் கடையின் உரிம எண்ணை ஏடிஎஃப்பின் 'ஈசி செக்' இணையப் பக்கத்தில் இட்டு, அங்கே வரும் முகவரிக்கே அனுப்ப வேண்டும், வாங்குபவர் குறுஞ்செய்தியில் தந்த முகவரிக்கு அல்ல. பெட்டிக்குள் விற்பவரின் ஓட்டுநர் உரிம நகலும், வாங்குபவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாளும் இருந்தால்தான் கடைக்காரர் தம் பதிவேட்டில் வரவு எழுத முடியும்.

நிக்ஸில் வாங்குபவருக்கு மறுப்பு வந்தால் என்ன ஆகும் என்பதையும் முன்பே பேசி வைக்க வேண்டும். கடைக்காரரின் பதிவேட்டில் ஏறிவிட்ட துப்பாக்கி, விற்பவருக்கே திரும்பி வருவதானாலும், அவரும் 4473 நிரப்பிச் சரிபார்ப்பைக் கடந்த பிறகே கைக்குக் கிடைக்கும். திரும்பி வரும் செலவு யாருடையது, கடைக் கட்டணம் யாருடையது, முன்பணத்தில் எவ்வளவு திருப்பித் தரப்படும் என்பவற்றை விற்பனைக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளாதவர்கள் பிறகு மனம் கசந்துபோகிறார்கள்.

எல்லை தாண்டி மற்ற மாநிலங்களைப் பார்த்தால் இந்தத் தெரிவுகள் வேகமாகச் சுருங்குகின்றன. கலிஃபோர்னியாவில் தனியார் விற்பனை ஏறக்குறைய முழுவதும் விற்பனையாளர் வழியாகவே நடக்க வேண்டும், 10 நாள் காத்திருப்பும் உண்டு. கொலராடோ 2013 முதலும், வாஷிங்டன் மாநிலம் 2014இல் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகும் தனியார் விற்பனைக்குப் பின்னணிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியுள்ளன. பென்சில்வேனியாவில் கைத்துப்பாக்கி விற்பனை விற்பனையாளர் அல்லது ஷெரிஃப் அலுவலகம் வழியாக நடக்க வேண்டும். வழக்கமான ரைபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. டெக்சாஸில் வாழ்ந்து பழகியவர் வேலை மாறி இத்தகைய மாநிலத்துக்குப் போன பிறகு பழைய வழக்கத்தைத் தொடர்வது ஆபத்து. அதேபோல, அடிக்கடி வாங்கி லாபத்துக்கு விற்பவர் எந்த மாநிலத்திலும் தனியாள் என்ற போர்வைக்குள் இருக்க முடியாது. அவருக்கு உரிமம் தேவை.

வழி எதுவானாலும் காகிதம் ஒன்று மிஞ்ச வேண்டும். தனியாள் விற்பனைப் பதிவு வைத்திருக்க வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டமோ டெக்சாஸ் சட்டமோ கேட்பதில்லை. ஆனால் குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் துப்பாக்கியை மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்கில் உள்ள ஏடிஎஃப்பின் தேசியத் தடம்காண் மையம் எப்படித் தேடுகிறது என்பதைப் பார்த்தால் அந்தத் தாளின் அருமை தெரியும். வரிசை எண்ணை வைத்து உற்பத்தியாளரைக் கேட்பார்கள், அவரிடமிருந்து மொத்த விற்பனையாளர், அங்கிருந்து சில்லறைக் கடை, கடையின் 4473 படிவத்திலிருந்து முதலில் வாங்கியவர். அந்தச் சங்கிலி பொதுவாக அங்கேயே முடிகிறது. துப்பாக்கியைக் கடையில் வாங்கி, பிறகு தனியாருக்கு விற்றவரின் வீட்டுக்குத்தான் முதலில் அதிகாரிகள் வருவார்கள். தேதி, வகை, தயாரிப்பு, வரிசை எண், இருவரின் பெயர், முகவரி, ஓட்டுநர் உரிம எண், தாம் டெக்சாஸ்வாசி என்றும் சட்டப்படி தடை செய்யப்பட்டவர் அல்ல என்றும் வாங்குபவர் கையெழுத்திட்ட வரி ஆகியவை கொண்ட விற்பனைச் சீட்டு அன்று அவரிடம் இருக்க வேண்டும். அஞ்சலில் அனுப்பியிருந்தால் அதோடு கையொப்ப ரசீதும், பெட்டியை மூடும் முன் வரிசை எண் தெளிவாகத் தெரியும்படி எடுத்த படமும் சேர வேண்டும். கடை வழியாக அனுப்பியவருக்கு இந்த வேலை குறைவு: துப்பாக்கி புதிய 4473 படிவத்தில் ஏறிவிட்டதால், அந்தக் கடையின் பெயரையும் ஒப்படைத்த தேதியையும் காட்டும் ரசீதை மட்டும் அவர் பத்திரப்படுத்திக்கொண்டால் போதும்.